ஒரு மாத்திரை, இரண்டு வேகம்

கோவையில் எந்த மருந்துக்கடையிலும் அன்றாடம் கைமாறும் சுகர் மாத்திரை அது. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் வேறு நிறம். நிறம் மாறும் இடத்தில் மருந்தும் மாறுகிறது. ஓர் அடுக்கில் 1 அல்லது 2 மில்லிகிராம் கிளிமெபிரைடு. மற்றதில் பெரும்பாலும் 500 மில்லிகிராம் மெட்ஃபார்மின். முன்னது சீக்கிரமே கரைந்து, கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். பின்னது, கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதைப் பல மணி நேரம் அடக்கி வைக்கும்.

சாதா மெட்ஃபார்மின் ரத்தத்தில் சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் நாளைக்கு இரண்டு, மூன்று தடவை விழுங்க வேண்டும். சிலருக்கு வயிற்றையும் புரட்டும். இதற்கு வழியாக, ஹைப்ரோமெல்லோஸ் போன்ற பாலிமரோடு சேர்த்து அழுத்துகிறார்கள். ஈரம் பட்டதும் அது கூழாக உப்பி, மருந்தைக் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் வெளியே விடும். இரண்டு மருந்தையும் ஒரே தூளாகக் கலந்தால், துளியூண்டு கிளிமெபிரைடும் அந்தக் கூழுக்குள் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் தனித்தனி அடுக்கு.

ஒட்டும் இடம்தான் சிக்கல்

பீளமேடு பி.எஸ்.ஜி., குமாரபாளையம் ஜே.கே.கே. நடராஜா என்று கொங்கு வட்டாரத்தில் பார்மசி கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் எம்.ஃபார்ம் ஆய்வேடுகளில் இரட்டை அடுக்கு மாத்திரை நன்றாகப் புழங்கிய தலைப்பு. மாணவர்களைப் படுத்துவது இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடம்.

கொத்தனார் முதல் பூச்சைச் சொரசொரப்பாக விடுவதுபோல, முதல் தூளை லேசாகத்தான் அழுத்த வேண்டும். பலமாக அழுத்தினால் மேற்பரப்பு வழவழத்து, அடுத்த அடுக்கு பிடிக்காது. பிறகு மாத்திரை இரண்டாகப் பிரியும். ரொம்பவும் லேசாக விட்டால் இரண்டு தூளும் எல்லையில் கலந்துவிடும். ஓர் அடுக்குக்கு நிறமேற்றுவதால் அந்தக் கலப்பு கண்ணுக்கே தெரியும்.

அடுத்து கரைதல் சோதனை. உடல் சூடான 37 டிகிரியில், துடுப்பு சுழலும் கலத்தில் மாத்திரையைப் போட்டு, குறித்த நேரங்களில் மாதிரி எடுப்பார்கள். ஒரு மருந்து வேகமாக முழுசும் வந்துவிட வேண்டும்; மற்றது மணிக்கணக்கில் சீராக வர வேண்டும்.

இடித்துக் கொடுக்காதீர்கள்

விழுங்க முடியாத பெரியவர்களுக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. இந்த வகையைப் பொடித்தால், நாள் முழுக்க வர வேண்டிய மெட்ஃபார்மின் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். மலத்தில் மாத்திரைபோல ஏதாவது தென்பட்டாலும் பயம் வேண்டாம். அது பெரும்பாலும் மருந்தை விட்டுவிட்டு வெளியேறிய பாலிமர் கூடு.

மெதுவாக வருவதே ஆபத்தாகும் நேரமும் உண்டு. ஒரு பங்கு உடனேயும் மிச்சம் மெதுவாகவும் வெளிவரும் 665 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை யாராவது அளவுக்கு மீறி விழுங்கினால், ரத்தத்தில் மருந்து எப்போது, எவ்வளவு ஏறும் என்று கணிப்பது கடினம். வழக்கமான நச்சுமுறிவு சிகிச்சை அதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. இதனால் 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய பாராசிட்டமால் விற்பனையை நிறுத்திவைத்தது.

அட்டையில், மருந்து மெதுவாக வெளிவரும் என்பதைக் குறிக்கும் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால், கேட்காமல் உடைக்கவோ இடிக்கவோ வேண்டாம். விழுங்குவது கஷ்டமென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். பொடித்துத் தரக்கூடிய சாதா மாத்திரைகளாக, வேளை பிரித்து அவர் எழுதித் தர முடியும்.