இராணி பறக்கும் நாட்களில் பெட்டியை அசைக்காதீர்கள்

தேனீக் குடும்பத்தைப் பிரித்து வைத்தபின், "ஈக்கள் வரவரக் குறைகின்றன" என்ற முறைப்பாட்டை நாம் அடிக்கடி கேட்கிறோம். புது இராணி வெளிவந்த முதல் இரண்டு கிழமைகளில் விடும் தவறே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

நமது நாட்டுத் தேனீயில், முட்டையிட்டு ஏறக்குறைய 16 நாட்களில் இராணி வெளிவருகிறாள். உடல் முதிர இன்னும் 5, 6 நாட்கள் செல்லும். அதன்பின் வெளியே பறந்து, பல ஆண் தேனீக்களுடன் வானிலேயே கூடுவாள். இலங்கையில் இவ்வின ஆண் தேனீக்கள் பறப்பது மாலை 4 மணிக்குப் பின், ஏறக்குறைய ஒரு மணி நேரம் மட்டுமே. மழை பெய்தால் அன்றைய வாய்ப்புத் தவறிவிடும்.

குறுகிய பறப்புகளில் இராணி தன் பெட்டியின் இடத்தை மனதிற் பதித்துக்கொள்கிறாள். அந்நாட்களில் பெட்டியை வேறிடத்தில் வைத்தால், திரும்பி வருபவள் தன் வீட்டைக் காணமாட்டாள். அப்போது பெட்டியில் இளம் புழுக்களும் இராது. வேறு இராணியை வளர்க்க முடியாமல் குடும்பம் அழிந்துவிடும்.

நாம் செய்யவேண்டியவை:

இராணி வெளிவந்த நாளைக் குறித்து வையுங்கள். இரண்டு கிழமைகளுக்குப் பெட்டியைத் திறக்கவோ நகர்த்தவோ வேண்டாம். பின்னர் காலையில் திறந்து முட்டைகளைத் தேடுங்கள். நான்கு கிழமை சென்றும், மூடியில் சிறு துளையுள்ள ஆண் அறைகள் மட்டுமே தெரிந்தால் இராணி கூடவில்லை. அவளை அகற்றிவிட்டு, ஈக்களை வேறு பெட்டியுடன் சேருங்கள்.

வேறு காணிக்குப் போகும் குடும்பங்களே, இராணி முட்டையிடத் தொடங்கும்வரை பொறுத்திருந்து, இரவில் வாசலை அடைத்துப் பெட்டியைக் கொண்டுபோங்கள்.