கரிசல் காட்டில் பழைய ஜீப்: பெரிய டயர் போடலாமா? தூக்கிக் கட்டலாமா?

ஐப்பசி பிறந்து இரண்டு நல்ல மழை இறங்கிவிட்டால், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வண்டிப் பாதைகளின் குணம் ஒரே ராத்திரியில் மாறிவிடும். புரட்டாசி வரை சிமென்ட் தரை மாதிரிக் கிடந்த கரிசல், பிசைந்த மாவாக இளகிச் செருப்பில் ஒட்டும். காலைத் தூக்கினால் காலோடு மண்ணும் வரும். பரளச்சி, மண்டபசாலை, எம்.ரெட்டியபட்டி, நரிக்குடி பக்கத்துக் காட்டுப் பாதைகளில் டூ வீலர் நின்றுபோகும். ஆனால் மக்காச்சோள விதையும் உர மூட்டையும் காட்டுக்குப் போயாக வேண்டும். ராத்திரியில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், தார் ரோடு வரைக்குமாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அப்போது ஊரார் கண் தேடுவது ஏதோ ஒரு வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஜீப்பைத்தான்.

அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை 1940களின் கடைசியில் பம்பாயில் பூட்டத் தொடங்கியது மகிந்திரா நிறுவனம். பிறகு சிஜே 3பி, எம்எம் 540, மேஜர், கமாண்டர் என்று பல மாடல்கள் வந்தன. யூனியன் ஆபீஸ், மின்வாரியம், வனத்துறை என்று ஓடி, ஏலத்தில் விழுந்து, கை மாறி விவசாயி வீட்டுக்கு வந்த வண்டிகள் இவற்றில் நிறைய. டிராக்டர் வாங்க வசதியில்லாதவருக்கும், டிராக்டர் இருந்தாலும் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர வண்டி வேண்டும் என்பவருக்கும் அது தோதாக இருக்கிறது.

அந்த ஜீப் ஒருநாள் ஓடைக்கரையில் சிக்கிக்கொள்ளும். மாட்டைக் கட்டி இழுத்துக் கரையேற்றுவார்கள். மறுநாள் பட்டறையில் பேச்சு இப்படித் தொடங்கும்: "அண்ணாச்சி, டயரைப் பெரிசாப் போட்டு, பட்டையைத் தூக்கிக் கட்டிட்டம்னா எந்தச் சேத்துலயும் நிக்காது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செல்போனில் பார்க்கும் வீடியோக்களிலும் ஆள் உயர டயர் போட்ட ஜீப்புகள் ஆற்றைக் கடக்கின்றன. ஆனால் வீடியோவில் ஓடும் வண்டிக்கும் பத்து மூட்டை கம்பும் நான்கு ஆட்களும் ஏற்றும் வண்டிக்கும் வேலை வேறு. காசு எடுத்து வைக்குமுன் கரிசலில் வண்டி ஏன் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சிக்க வைப்பது எது?

ஜீப் சேற்றில் நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, டயருக்குப் பிடிமானம் போவது. கரிசலில் உள்ள களிமண் தண்ணீரை உறிஞ்சி உப்பி, பசைபோல் ஒட்டும் ரகம். டயர் கட்டைகளுக்கு இடையில் அது அடைந்துகொண்டால் புது டயரும் வழுக்கை டயர்தான். இரண்டாவது, சக்கரத் தடம் ஆழமாகி, ஆக்ஸில் நடுவில் தொங்கும் டிஃபரன்சியல் உருண்டை நடுத்திட்டில் உட்கார்ந்துவிடுவது. உட்கார்ந்தபின் நான்கு சக்கரமும் சுற்றினாலும் வண்டி நகராது.

இப்போது பட்டையைத் தூக்கிக் கட்டுவதைப் பார்ப்போம். ஸ்பிரிங் பட்டையில் இலை கூட்டுவார்கள். அல்லது நீளமான செக்கில் போடுவார்கள். அல்லது ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை எடுத்து மேலே வைத்துக் கட்டுவார்கள். மூன்றிலும் உயர்வது சேஸும் அதன் மேலுள்ள பாடியும்தான். டிஃபரன்சியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும்! ஆக்ஸில் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது டயரின் விட்டம் மட்டும். கரையில் ஏறும்போது பம்பர் இடிக்காமல் இருக்கவும், பெரிய டயர் உரசாமல் திரும்பவும் வண்டியைத் தூக்கிக் கட்டுவது உதவும். சேற்றுக்கு அதனால் நேரடிப் பலன் கிடையாது.

பெரிய டயர் ஆக்ஸிலை உயர்த்துகிறது, உண்மை. ஆனால் எவ்வளவு? பழைய ஜீப்புக்கு வந்த 6.00-16 டயரின் விட்டம் சுமார் 29 அங்குலம். 7.50-16 போட்டால் சுமார் 32 அங்குலம். விட்டத்தில் 3 அங்குலம் கூடினால், நடுவில் இருக்கும் ஆக்ஸில் உயர்வது அதில் பாதி, அதாவது ஒன்றரை அங்குலம். ஐந்து டயர் வாங்கும் செலவுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். ஒன்றரை அங்குலம் சில இடத்தில் கைகொடுக்கும். முழங்கால் ஆழத் தடத்தில் கைகொடுக்காது.

அந்த ஒன்றரை அங்குலத்துக்கு வண்டி வேறு விலையும் கொடுக்கிறது. சக்கரம் பெரிதானால் கியர் இழுவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். மூட்டை ஏற்றிக் கரை ஏறும்போது கிளட்ச் நாறும். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 55-ல் ஓடும். பிரேக் டிரம் மட்டும் பழையதே. கனமான, பெரிய சக்கரத்தை அதே டிரம்தான் பிடித்து நிறுத்த வேண்டும். மதுரை, தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் மழையில் லாரிக்குப் பின்னால் போகும்போது இதன் அர்த்தம் புரியும். மூல ரிம்மின் அகலம் 4.5 அங்குலம். அதில் 7.50 டயரை மாட்டினால் பக்கச்சுவர் பிதுங்கி நிற்கும். திருப்பத்தில் வண்டி நீச்சலடிக்கும். ரிம்மும் மாற்ற வேண்டும் என்பதைக் கடைக்காரர் பெரும்பாலும் இரண்டாவது தடவைதான் சொல்வார்.

காசு மிச்சம் பிடிக்கப் பின்னால் மட்டும் பெரிய டயர் போடுகிறவர்களும் உண்டு. நான்கு சக்கர இழுவை வண்டியில் இது பெரும் தப்பு. இழுவையைப் போட்டதும் முன், பின் ஆக்ஸில் இரண்டும் ஒரே சுற்றில் பூட்டிக்கொள்ளும். டயர் அளவு வேறானால் ஒன்றையொன்று இழுத்து முறுக்கி, டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லையோ கிராஸையோ உடைத்துவிடும். பாதி தேய்ந்த டயரையும் புது டயரையும் முன்னும் பின்னுமாகக் கலந்து போடுவதே இதற்கு நல்லதல்ல. தார் ரோட்டில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டக் கூடாது என்பதும் இந்தக் காரணத்தால்தான்.

கண்மாய்க் கரையில் சாயும் வண்டி

தூக்கிக் கட்டியதன் உண்மையான ஆபத்து சேற்றில் தெரியாது, சரிவில்தான் தெரியும். ஜீப் குறுகலான வண்டி. பழைய வில்லிஸ் வகையில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடைவெளி சுமார் 48 அங்குலம். கணக்குக்காக, வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 26 அங்குலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி சாயாமல் நிற்கக்கூடிய பக்கச் சரிவு ஏறக்குறைய 43 டிகிரி வரும். அந்த மையத்தை 30 அங்குலத்துக்கு உயர்த்தினால் அது 39 ஆகிவிடும். பின்னால் ஆட்களும் மேலே மூட்டையும் ஏறி மையம் 36 அங்குலத்துக்குப் போனால் 34-க்குக் கீழே வந்துவிடும். இதெல்லாம் வண்டி நிற்கும்போது போடும் கணக்கு. ஓடும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி, பட்டை ஒரு பக்கம் அமுங்கினால் இதில் பாதிச் சரிவே போதும். களையெடுக்கப் போகும் பெண்கள் பத்துப் பேர் பின்னால் உட்கார்ந்து கண்மாய்க் கரையில் சாய்வாகப் போகும் காட்சி இந்தப் பக்கத்தில் யாரும் பார்க்காததல்ல.

ஸ்டீயரிங்கும் மாறிப்போகும். முன் செக்கிலை நீளமாக்கினால் ஆக்ஸிலின் கோணம் திரும்பி, நேர் ரோட்டிலேயே வண்டி அலையும். 50-க்கு மேல் ஸ்டீயரிங் உதறும். கிங் பின் தேய்ந்த வண்டியாக இருந்தால் சொல்லவே வேண்டாம். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடிக் கிராஸ் அடிக்கடி போகும். பிரேக் ஓஸ் பழைய நீளத்திலேயே இருந்தால், பள்ளத்தில் ஆக்ஸில் தொங்கும்போது அது இழுபட்டு அறுந்துபோகலாம். தூக்கிக் கட்டிய வண்டியை வாங்குகிறவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது இந்த ஓஸைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி (182-ஏ பிரிவு), அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

போலீஸ் காட்டுக்குள் வந்து பிடிக்கப் போவதில்லை என்று ஒருவர் நினைக்கலாம். ஆனால் சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதற்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டியை நேரில் நிறுத்திக் காட்ட வேண்டும். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. தூக்கிக் கட்டிய பட்டையையும் வெளியே துருத்தும் டயரையும் அங்கே மறைக்க முடியாது. விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கவும் இடம் உண்டு. பத்துப் பேரை ஏற்றிய வண்டிக்கு அது நிலத்தை விற்கும் கணக்காக முடியலாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

நம் தாத்தாக்களின் மாட்டு வண்டியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். கரிசல் காட்டு வண்டிச் சக்கரம் உயரமானது, ஆனால் ஒடுக்கமானது. மழைப் பாதையில் மேலே உள்ள அரையடிச் சேற்றை வெட்டிக்கொண்டு, கீழே இறுகிக் கிடக்கும் தடத்தைப் பிடித்துப் போகும். பழைய 6.00-16 டயரின் வடிவமும் அதுதான். அகல டயர் சேற்றின் மேல் மிதந்து வழுக்கும். ஆக, வழக்கமான வண்டிப் பாதைக்கு மூல அளவு டயரே போதும். மாற்ற வேண்டியது கட்டை அமைப்பை. கட்டைகள் உயரமாக, இடைவெளி விட்டு, டிராக்டர் டயர் போலச் சேற்றை உதறித் தள்ளும் ரகமாக இருக்க வேண்டும். இந்த ரகம் தார் ரோட்டில் இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும், ஈர ரோட்டில் பிரேக் சற்றுத் தள்ளிப் பிடிக்கும். வாரம் நான்கு நாள் மதுரைக்குப் போகிறவருக்கு இது ஒத்துவராது. டயரை எப்படியும் மாற்றும் காலம் வந்து, ஓர் அளவு கூட்ட ஆசைப்பட்டால், அந்த மாடலுக்கு நிறுவனம் அனுமதித்த அளவுகளுக்குள் மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சீமைக்கருவேல முள்ளுக்கு எது தாங்கும் என்பதும் இங்கே முக்கியமான கேள்வி. ரேடியலின் பக்கச்சுவர் மெலிது. காட்டுப் பாதையே பிழைப்பு என்றால், அடுக்கு கூடிய நைலான் டயரும் டியூபும் தாங்கும். பஞ்சர் ஒட்டுவதும் உள்ளூரிலேயே முடியும்.

காசில்லாத வைத்தியம் காற்றில் இருக்கிறது. ரோட்டில் 28, 30 பவுண்டு வைக்கும் டயரைச் சேற்றுப் பாதையில் 18, 20 பவுண்டுக்கு இறக்கினால் தரையில் படியும் நீளம் கூடிப் பிடிமானம் கூடும். 15-க்குக் கீழே போக வேண்டாம். ரிம்முக்குள் டயர் நழுவி டியூப் வால்வு பிய்ந்துபோகும். மூட்டை ஏற்றியிருந்தால் இறக்கவே கூடாது. தார் ரோட்டில் ஏறுமுன் மறுபடியும் காற்று அடித்தாக வேண்டும். ஒரு கால் பம்பும் பிரஷர் மீட்டரும் வண்டியிலேயே கிடக்கட்டும்.

அசல் பட்டை அமுங்கிப்போன வண்டிகள் நிறைய உண்டு. ஒடிந்த இலையை மாற்றி, பட்டையைப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, புஷ், ஷாக் அப்சர்பர் மாற்றினாலே இழந்த உயரம் திரும்பிவிடும். இது சட்டத்துக்கும் ஒத்த வேலை. தன் ஜீப் 'தாழ்ந்துவிட்டது' என்று நினைப்பவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது இதுதான்.

நான்கு சக்கர இழுவை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பின் இழுவை மட்டுமே உள்ள ஜீப்புகளும் ஏராளமாக விற்றிருக்கின்றன. முன் ஆக்ஸிலில் உருண்டை இல்லையென்றால், எவ்வளவு பெரிய டயர் போட்டாலும் அது இரு சக்கர இழுவைதான். ஏல வண்டி வாங்கும்போது, பெட்ரோல் வண்டியில் டீசல் என்ஜின் ஏற்றியிருந்தால், அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

விதைத்த காட்டுக்குள் மட்டும் ஈரத்தில் எந்த டயரோடும் இறங்க வேண்டாம். ஈரக் கரிசலில் விழும் தடம் மண்ணை அமுக்கிக் கட்டியாக்கிவிடும். அங்கே வேர் இறங்காது, மழைநீரும் இறங்காது. பாத்தியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கலாம். பென்சில் கனத்துக்குத் திரி வந்தால் இன்னும் பதம் வரவில்லை. உதிர்ந்துபோனால் வண்டி இறங்கலாம். அதுவரை மூட்டையைப் பாதையோரத்தில் இறக்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோவதே மண்ணுக்கு லாபம்.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கினால், ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுற்ற விடக் கூடாது. சுற்றச் சுற்ற உருண்டை கீழே உட்காரும். உடனே ஆட்களை இறக்கிவிட்டு, சக்கரத்தின் முன்னால் உள்ள சேற்றை மண்வெட்டியால் வழித்து, பருத்திமாரை நெருக்கமாகப் பரப்பி, லோ கியரில் இரண்டாவதைப் போட்டு மெல்ல எடுக்கலாம். மழைக்காலம் முடியும்வரை இரண்டு கட்டு பருத்திமாரும் நான்கு பழைய சாக்கும் ஜீப்பின் பின்னால் கிடக்கட்டும்.