அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள்

வில்லாபுரத்திலிருந்து வடக்கே நகரத்தைக் கடந்து வைகையைத் தாண்டினால் கோரிப்பாளையத்துப் பக்கம் பெரியாஸ்பத்திரி. பலகையில் அரசு இராசாசி மருத்துவமனை என்று இருந்தாலும் மதுரைக்காரர்கள் வாயில் அது பெரியாஸ்பத்திரிதான். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் யோசிக்காமல் போகிற இந்தத் தூரம், குடிநோய் என்றால் மட்டும் எட்டாத தூரமாகிவிடுகிறது. எய்ம்ஸ் தலைமையில் நடந்து 2019-ல் வெளியான தேசிய ஆய்வு, குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுகிற இந்தியர்கள் 5.7 கோடிக்கும் மேல் என்கிறது. குடிக்கு அடிமையானவர்களில் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னவர் 38-ல் ஒருவர்தான். மீதி 37 பேரைத் தடுப்பது வெட்கமும் கூலி போய்விடும் என்ற பயமும் மட்டுமல்ல. தெருவில் எல்லோரும் சொல்கிற ஒரு வார்த்தையும் தடுக்கிறது: "அவனாத் திருந்துனாத்தான் உண்டு." அக்கறையோடு சொல்லப்படுவதுதான். ஆனால் இதை நம்பி எத்தனை வீடுகள் பத்து, இருபது வருடம் காத்திருக்கின்றன! குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டிலிருந்து ஒருவர் முதலில் போய் ஆலோசனை கேட்கலாம். அங்கிருந்தே சிகிச்சை தொடங்கிவிடுகிறது.

இதற்குச் சான்று உண்டு. சிகிச்சைக்கு வர மறுத்தவர்களின் உறவினர் 130 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து, 1999-ல் வெளியானது. உறவினர்களை மூன்று பிரிவாக்கி மூன்று வழிகளைச் சோதித்தார்கள். எல்லோரும் கூடி ஒரே நாளில் குடிப்பவரை எதிர்கொண்டு பேசும் வழியில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். அல்-அனான் என்னும் குடும்பத்தினர் குழுவின் வழியில் 13 சதவீதம். குடும்பத்தாரின் மன அமைதியே அந்தக் குழுவின் நோக்கம் என்பதால் இதைத் தோல்வி என்று சொல்வது நியாயமல்ல. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்த வழியில் 64 சதவீதம். பயிற்சியில் மந்திரம் ஏதுமில்லை. போதையில் இருக்கும்போது வாதாடுவதில்லை. குடிக்காத நாளில் முகம் கொடுத்துப் பேசுவது. முதலாளிக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வதையும், கடைக் கடனைத் தாங்களே அடைப்பதையும் நிறுத்துவது. அவரே வருந்திப் பேசுகிற வேளை பார்த்து "வாங்க, டாக்டரைப் பார்த்துட்டு வருவோம்" என்பது. அமெரிக்காவில் நடந்தது இங்கே எடுபடுமா என்று கேட்கலாம். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, தொடக்கம் முதலே குடும்பத்தாரையும் சிகிச்சையில் உட்கார வைத்தது. கூட்டுக்குடும்பமும் மாமன் மச்சானும் உள்ள ஊருக்கு இந்த வழி அந்நியமானதல்ல.

வலுவான ஆட்சேபம் வேறு. அடி வாங்கி, நகையை அடகு வைத்து, வேலைக்கும் போகிற பெண்ணின் தலையிலேயே இந்தப் பாரத்தையும் ஏற்றுவதா? நியாயமான கேள்வி. போகிறவர் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அண்ணன் போகலாம், அக்கா போகலாம். போகும் மனைவிக்கும் தூக்கமின்மை, பயம் எல்லாவற்றுக்கும் அங்கே உதவி கிடைக்க வேண்டும். அடி விழுகிற வீட்டில் பாதுகாப்புதான் முதல் வேலை. பெண்களுக்கான 181 அதற்குத்தான். அந்த 64 சதவீதத்துக்கு மறுபக்கம் 36 சதவீதம் பேர் வரவேயில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அது வீட்டாரின் குற்றமல்ல.

"மாலை போட்டா நாற்பத்தெட்டு நாள் தொடாம இருக்கானே, எல்லாம் மனசுதானே?" என்பார்கள். அப்படி இருக்க முடிந்தவருக்கு விரதம் நல்ல தொடக்கமே. ஆனால் காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலைக்கு வந்தவரின் உடம்பு வேறு. அவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இல்லாததைக் கண்டு பிதற்றும் நிலை வரலாம், உயிரும் போகலாம். அறையில் பூட்டி வைத்துத் திருத்துவது ஆபத்தாவது இதனால்தான். சுவரொட்டிகளில் வரும் 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும்' மருந்தும் அப்படியே. அப்படிக் கலக்கக்கூடிய டைசல்பிராம் என்ற மாத்திரை, அதன் மேல் குடித்தால் குமட்டல், படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் கொண்டுவரும். அவர் சம்மதமில்லாமல் கொடுக்கவே கூடாதது.

டாஸ்மாக்கை மூடினால் எல்லாம் சரியாகும் என்ற வாதத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன்; 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே செய்கிற மாநிலம் இது. ஆனால் நாளையே மூடினாலும், ஏற்கெனவே கை நடுங்குகிறவருக்கு மறுநாள் காலை படுக்கையும் மருத்துவரும் வேண்டும்.

நேரில் போகத் தயங்குகிறவர்கள் மனநல உதவிக்கான 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம், குடும்பத்தாரும் அழைக்கலாம். தனியார் மறுவாழ்வு மையம் என்றால் 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை வருடமாகக் குடிக்கிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது நிறுத்தப் பார்த்தார், அப்போது வலிப்பு வந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்.