கரை சேர்த்த கல்வி

நோயுற்றார்க்கு மருத்துவர் துணை. வழக்குற்றார்க்கு வழக்கறிஞர் துணை. பிறந்த மண்ணை விட்டு, மொழி அறியா நாட்டை நாடி வரும் ஏழைக் குடும்பத்திற்குத் துணையாவார் யார்? அமெரிக்காவில் சிறைத் தண்டனைக்குரிய குற்ற வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தரும். குடியேற்ற வழக்கில் நிற்பவர்க்கோ அவ்வுரிமை இல்லை. இக்குறையைப் போக்க முன்வந்தோருள் சட்டக் கல்லூரி மாணவரும் உளர்.

1991ஆம் ஆண்டு செப்டம்பரில், மக்கள் தேர்ந்தெடுத்த ஹைட்டி நாட்டுத் தலைவர் அரிஸ்டீடின் ஆட்சியைப் படையினர் கவிழ்த்தனர். அஞ்சிய மக்கள் பல்லாயிரவர் படகேறித் தப்பினர். அமெரிக்கக் கடற்காவற் கப்பல்கள் அவர்களை வழிமறித்தன. கியூபாத் தீவிலுள்ள குவாண்டனாமோ கடற்படைத் தளத்திற்குக் கொண்டு சென்றன. தாயகம் திரும்பினால் துன்புறுத்தப்படுவோம் என்பதற்குத் தக்க காரணம் காட்டியோர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். ஆயினும், அவர்களுள் எய்ட்ஸ் நோய்க் கிருமி தொற்றியோரும் அவர்தம் குடும்பத்தினருமாகச் சுமார் 300 பேர் முள்வேலிக்குள்ளேயே நிறுத்தப்பட்டனர். வழக்கறிஞர் துணையின்றி மறுவிசாரணைக்கு உட்பட வேண்டும் என்றும் அவர்களுக்குக் கூறப்பட்டது.

இதனை அறிந்த யேல் பல்கலைக்கழகச் சட்ட மாணவர், பேராசிரியர் ஹெரால்டு கோ வழிகாட்ட, அகதிகளுக்காக உழைக்கத் துணிந்தனர். 1992 மார்ச்சில் நியூயார்க் நகர நடுவண் நீதிமன்றத்தில் அரசின்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. மாணவர் இன்னும் வழக்கறிஞர் ஆகாதவர். ஆதலின், தேர்ந்த வழக்கறிஞரின் மேற்பார்வையிலேயே பணியாற்றினர். பழைய தீர்ப்புகளை ஆராய்ந்தனர், மனுக்களை வரைந்தனர், முகாமுக்கே சென்று அகதிகளைக் கண்டனர்.

அஞ்சி நடுங்குபவர் தம் கதையை முறையாகக் கூறுதல் அரிது. நாளும் இடமும் மாறிப்போகும். மாறிய சொல்லை அதிகாரி பொய்யெனக் கொள்வர். பொறுமையுடன் கேட்டு, நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்தி, சான்றுகளுடன் எழுதித் தருதலே சட்ட உதவியின் உயிர்நாடி.

1993 ஜூன் 8ஆம் நாள், அம்மக்களை முகாமில் அடைத்து வைத்தது சட்டத்திற்கு முரணானது என்று நீதிபதி ஸ்டெர்லிங் ஜான்சன் தீர்ப்பளித்தார். அவர்கள் விடுதலை பெற்று அமெரிக்க மண்ணில் கால் வைத்தனர். எனினும் வெற்றி முழுமையுற்றிலது. நடுக்கடலில் பிடிபட்ட அகதிகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய வழக்கில், அதே மாதம் 21ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சார்பாகவே முடிவு கூறியது.

இன்றும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் ஊதியம் பெறாது இத்தொண்டினை ஆற்றி வருகின்றனர். எளியவர்க்குரிய நீதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதனை அவர்பால் கொண்டு சேர்ப்பாரும் வேண்டும் அன்றோ?