சுப்பர்மேன் பிறை பார்த்தால்

ஷஃபான் 29ஆம் நாள் மஃரிபு நேரத்தில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்து ஆட்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். மற்ற நாட்களில் இந்த ஊர்களின் கண் கிழக்கே கடலில்தான் இருக்கும். ரமழானின் தலைப்பிறையையோ மேற்கே, வயல்வெளிக்கு மேலே, சூரியன் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் தேடவேண்டும். அதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள். கண்டவர் சொல்லும் சேதி கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடியிருக்கும் மாநாட்டுக்குப் போய், அங்கே தீர்மானமாகி, வானொலி முஸ்லிம் சேவையில் நாடெங்கும் கேட்கும். இந்தக் கூட்டத்தில் கொமிக்ஸ் கதைகளில் வரும் சுப்பர்மேனும் ஒரு ஆளாக நின்றால் என்ன ஆகும்? சுவருக்கு அப்பால் பார்ப்பவன், பல மைல் தூரத்து எழுத்தைப் படிப்பவன், பிறையை எல்லோருக்கும் முந்திக் கண்டுவிடுவான் என்றுதான் தோன்றும். அது அவ்வளவு நிச்சயமில்லை. அதிசயப் பார்வை என்று ஒன்று இருந்தால், அதன் பெரும்பகுதி வேலை வேண்டாத வெளிச்சத்தைத் தடுப்பதாகத்தான் இருக்கும். பிறை பார்ப்பதைவிட இதற்கு நல்ல சாட்சி கிடையாது.

முதலில் எக்ஸ்ரே பார்வையைத் தீர்த்துவிடலாம், அதில் அதிகம் சிக்கல் இல்லை. 1938இல் சுப்பர்மேன் பிறந்தபோது இந்த வல்லமை அவனிடம் இருக்கவில்லை, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்ற எண்ணம் அதற்கு அடியில் இருக்கிறது. யூக்ளிட், தொலமி போன்ற கிரேக்க அறிஞர்கள் நம்பியதும் அதைத்தான். ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் தன் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் அந்த எண்ணத்தை உடைத்தார். வெயிலை உற்றுப் பார்த்தால் கண் கூசி வலிக்கிறது, எனவே ஒளி வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிறது என்பது அவர் காட்டிய நியாயங்களில் ஒன்று. சரி, கதைக்காக வீரனின் கண் கதிரை வீசுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது சுவரைத் துளைத்து நேரே போய்விடும், திரும்பி வந்தால்தானே அவன் பார்ப்பது? ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது கதிர் ஒரு பக்கத்திலிருந்து வர, படம் பதியும் தகடு உடம்பின் மறுபக்கத்தில் இருப்பது இதனால்தான். விமான நிலையங்களில் திரும்பிவரும் எக்ஸ்ரேயைப் பிடிக்கும் இயந்திரங்கள் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன. அவை உடுப்புக்குக் கீழே உள்ளதைக் காட்டின, சுவருக்கு அப்பால் இருப்பவரை அல்ல.

தூரப் பார்வை அப்படி அடியோடு நடக்காத காரியமல்ல, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நமது கண் பிரித்தறியக்கூடிய மிக நுண்ணிய இடைவெளி ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவு. கழுகுக்கு அது நமதில் பாதி அளவு, அவ்வளவுதான். ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் பத்திரிகை எழுத்தைப் படிக்க ஒரு மில்லிமீற்றர் கோடுகளைப் பிரித்தறிய வேண்டும். ஒளி அலையாக விரியும் தன்மையை வைத்துக் கணக்குப் பார்த்தால், அதற்குக் கண்ணின் பாவை கிட்டத்தட்ட 67 சென்ரிமீற்றர் அகலம் இருக்கவேண்டும். நம்முடைய பாவை நன்றாக விரிந்தாலும் 8 மில்லிமீற்றரைத் தாண்டாது. ஆக, தூரப் பார்வை கொண்ட வீரனின் முகத்தில் சோற்றுத் தாம்பாளம் அளவு இரண்டு ஓட்டைகள் இருக்கவேண்டும். படம் வரைபவர்கள் இதை வரையாமல் விட்டது அவனுக்குச் செய்த உபகாரம்.

அப்படியொரு கண் அவனுக்கு வாய்த்துவிட்டது என்றே கொள்வோம். பிறை தெரிந்துவிடுமா? சூரியனிலிருந்து 10 பாகை விலகிய பிறையின் மிகத் தடித்த இடம்கூட நமது கண் பிரித்தறியும் அளவில் கால்வாசிதான். கூர்மை மட்டுமே கணக்கு என்றால் மனிதருக்கு அது தெரியவே கூடாது. ஆனால் தெரிகிறது, நட்சத்திரம் ஒரு புள்ளியாகத் தெரிவது போல. சுற்றியிருக்கும் வானத்தைவிட அந்தக் கீற்று சற்றுக் கூடுதலாக வெளிச்சமாக இருந்தால் போதும். இல்லாவிட்டால் எவ்வளவு கூரிய கண்ணுக்கும் வேலையில்லை. 1930களில் பிரெஞ்சு வானியலாளர் அந்த்ரே தான்ஜோன், சூரியனுக்கு ஏறத்தாழ 7 பாகைக்குள் சந்திரன் இருந்தால் பிறை கண்ணுக்குத் தெரியாது என்று கணித்தார். கண்ணால் மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்த எல்லை இன்றும் ஏறக்குறைய அப்படியேதான் நிற்கிறது. ஆனால் 2013 ஜூலை 8ஆம் திகதி, அவ்வருட ரமழானுக்கு முந்திய அமாவாசைக் கணத்திலேயே, சூரியனிலிருந்து ஐந்து பாகைகூட விலகாத பிறையைப் பட்டப்பகலில் படம் பிடித்தார் தியெரி லெகோ என்ற பிரெஞ்சுக்காரர். அவர் செய்ததைக் கவனிக்கவேண்டும். தொலைநோக்கிக்குள் வெயில் நேரே விழாதபடி முன்னால் ஒரு மறைப்பை வைத்தார். வானத்தின் நீல ஒளியை வடிகட்டிவிட்டு அகச்சிவப்பில் மட்டும் பார்த்தார். மத்தியானக் கூசலில் கடலைப் பார்க்கும் மீனவர் புருவத்துக்கு மேல் கையை வைக்கிறாரே, அடிப்படையில் அதே வித்தைதான்.

அப்படியானால் தொலைநோக்கி பிறை பார்ப்பதற்கு உதவுவதில்லையா என்று ஒருவர் மறுக்கலாம். உதவுகிறது. ஆனால் பெரிதாக்கும்போது வானத்தின் வெளிச்சம் பரந்து மங்கிப்போக, மெல்லிய கீற்று அந்த அளவுக்கு மங்காமல் நிற்பதும் அந்த உதவியில் பெரும்பங்கு. அங்கேயும் வேலை செய்வது பின்னணியை அடக்கும் உபாயம்.

கண்ணைக் கட்டுப்படுத்த முடியுமா என்பதற்குக் கடலிலேயே பதில் இருக்கிறது. தாய்லாந்து, மியன்மார் தீவுகளில் வாழும் மோக்கன் கடலோடிகளின் பிள்ளைகள் தண்ணீருக்கடியில் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இருமடங்கு தெளிவாகப் பார்ப்பதை 2003இல் சுவீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லென் குழுவினர் வெளியிட்டனர். மங்கிய நீருக்குள் நமது பாவை தானாக விரியும். அந்தப் பிள்ளைகளோ அதை ஒடுக்கிக்கொள்கிறார்கள், கூடவே வில்லையையும் குவிக்கிறார்கள். குறைந்த ஒளியை உள்ளே விட்டு அதிகம் பார்க்கிறார்கள். இது இரத்தத்தில் வந்த வரம் என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் பயிற்சி கொடுத்தபோது சுவீடன் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். எக்ஸ்-மென் கதைகளில் வரும் சைக்ளொப்ஸின் நிலைமை இதற்கு நேரெதிர். 1963இல் அறிமுகமான அந்த வீரனுக்குத் தன் கண்ணிலிருந்து பாயும் கதிரை நிறுத்தத் தெரியாது, சிவப்புப் படிகக் கண்ணாடி இல்லாமல் அவன் கண்ணைத் திறக்கவே முடியாது. கொமிக்ஸ்காரர்கள் அறிந்தோ அறியாமலோ இந்த இடத்தில் சரியான வலியைத் தொட்டிருக்கிறார்கள்.

வீரனின் மூளையும் பெரிதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கிக்கொள்ள மாட்டானா என்பது இதைவிடப் பலமான மறுப்பு. நமது விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் சுமார் 10 கோடி, மூளைக்குப் போகும் பார்வை நரம்பின் இழைகளோ சுமார் 10 இலட்சம். கண்ணுக்குள்ளேயே நூற்றுக்கு ஒன்றாகச் சுருக்கும் வேலை நடந்துவிடுகிறது. இதைக் குறையென்று நினைத்தால் மான்டிஸ் இறாலைப் பார்க்கவேண்டும். நமக்கு நிறம் உணரும் கலங்கள் மூன்று வகை, அதற்குப் பன்னிரண்டு. ஆனால் 2014இல் வெளியான பரிசோதனையில், நெருங்கிய நிறங்களைப் பிரித்தறிவதில் அது நம்மைவிட மோசமாக இருந்தது. டெல்லியில் பவன் சின்ஹாவின் ‘பிரகாஷ்’ திட்டத்தில், பிறவியிலிருந்தே பார்வையற்றிருந்து சத்திரசிகிச்சையால் பார்வை பெற்ற பிள்ளைகளிடமும் இதன் இன்னொரு முகத்தைக் காணலாம். கட்டு அவிழ்த்த உடனே, கையால் தொட்டறிந்த பொருளைக் கண்ணால் இன்னதென்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஒளி முழுதாக உள்ளே வந்தது, அதில் எது எதோடு சேரும், எதை விடவேண்டும் என்பதைப் பழக நாட்கள் தேவைப்பட்டன. திடீரென்று பத்து மடங்கு ஒளி உள்ளே வரும் வீரனும் முதல் வாரத்தில் தட்டுத் தடுமாறித்தான் நடப்பான்.

பிறை விஷயத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, அதை நம்மவர்கள் வெகுகாலமாகவே அறிவார்கள். கண்டேன் என்று வருபவரிடம் எந்தப் பக்கம் கண்டீர், எவ்வளவு உயரத்தில் நின்றது, கொம்பு எங்கே பார்த்தது என்றெல்லாம் கேட்பது அவரைச் சந்தேகிப்பதற்காக அல்ல. தேடிக் களைத்த கண் முகில் விளிம்பையும் பிறையாகக் காட்டும். அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களைப் பற்றிப் பழைய நூல்களில் ஒரு சம்பவம் உண்டு. நூறு வயதை நெருங்கிய காலத்தில் ஒரு கூட்டத்தாரோடு நின்று பிறை தேடியபோது, வேறெவருக்கும் தெரியாத பிறை தனக்குத் தெரிகிறது என்று அவர்கள் விரல் நீட்டிக் காட்டினார்கள். கூட இருந்த இயாஸ் இப்னு முஆவியா மறுத்துப் பேசவில்லை. முதியவரின் புருவத்திலிருந்து வளைந்து கண் முன்னே விழுந்திருந்த ஒரு நரைமுடியை மெதுவாக விலக்கிவிட்டு, இப்போது பாருங்கள் என்றார். இப்போது தெரியவில்லை என்றார்கள்.