மடையானும் சரபோஜி மன்னரும்

நடவு நடக்கும் தஞ்சை வயல் ஒன்றின் வரப்பில் சற்று நின்று பாருங்கள். கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, சேற்றோடு சேறாக ஒரு பறவை நிற்கும். மண்நிற முதுகு, இருக்கும் இடமே தெரியாது. கிட்டே போனால் விருட்டென்று எழும்பும். அப்போதுதான் தெரியும், சிறகு இரண்டும் வெள்ளை வெளேர்! அதுதான் மடையான். உழவு ஓட்டும் டிராக்டருக்குப் பின்னாலேயே நடப்பவை உண்ணிக்கொக்குகள். மண் புரளும்போது கிளம்பும் பூச்சிகள்தான் அவற்றுக்கு விருந்து.

இப்படிப் பறவை பார்க்கும் ஆர்வம் அரண்மனையிலும் இருந்தது. 1798 முதல் 1832 வரை தஞ்சை மன்னராக இருந்த இரண்டாம் சரபோஜி, பறவைகளையும் விலங்குகளையும் ஓவியர்களைக் கொண்டு வரைய வைத்தார். அவற்றில் பல இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. யானைகளைப் பற்றிய கஜசாஸ்திரச் சுவடியும் படங்களோடு அங்கே இருக்கிறது. தங்கத் தகடு ஒட்டிய தஞ்சாவூர் ஓவியத்துக்கு உள்ள பேர் இந்தப் படங்களுக்குக் கிடைக்கவில்லையே என்பது நம் ஆதங்கம்.

பறவைகளை நேரில் பார்க்க ஆசையா? தஞ்சையிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில் வடுவூர் ஏரி இருக்கிறது. பாசனத்துக்காக வெட்டிய ஏரிதான். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நீர்க்காகம், அரிவாள் மூக்கன், வலசை வரும் வாத்துகள் எல்லாம் அங்கே கூடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். விடியற்காலையில் போவது நல்லது. பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.