ஏர் ஃப்ரையரில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேகணுமா?



சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குச் சமையல் வேலைக்குப் போகும் நம் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஏர் ஃப்ரையர்ல வெச்சா வெளியே கருகுது, உள்ளே வேகலையே, என்ன செய்யறது?" இது கைப்பக்குவக் குறை அல்ல. மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு யாரும் சொல்லித் தராததுதான் காரணம். ஆனால் கோழி பச்சையாக இருந்து வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் பழி நம் மேல்தான் விழும். வேலையும் போகலாம். அதனால் விவரம் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

இது எப்படி வேலை செய்கிறது?

2010-ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் ஏர் ஃப்ரையரை அறிமுகம் செய்தது. பேரில்தான் 'ஃப்ரை' இருக்கு. உள்ளே பொரிப்பது எண்ணெய் இல்லை, சூடான காற்று. மேலே ஒரு சூடாகும் கம்பி, அதோடு ஒரு ஃபேன். ஃபேன் சூட்டுக் காற்றை வேகமாகச் சுழற்றும். அது கூடையின் ஓட்டைகள் வழியாகவும் உணவைச் சுற்றியும் ஓடி ஈரத்தை இழுத்துக்கொண்டு போகும். அப்போதுதான் மொறுமொறுப்பு வரும்.

வாணலியில் எண்ணெய் எல்லா இடுக்கிலும் புகுந்துவிடும். காற்றுக்கோ வழி வேண்டும். கூடையை நிரப்பினால் அந்த வழி அடைபடும். ஆவி வெளியே போக முடியாமல் உள்ளே இருப்பது அவிந்துபோகும். மேலே இருப்பது மட்டும் கருகும். ஆக, ஒரே ஒரு விதிதான்: காற்றுக்கு வழி விடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. வாழைக்காய், உருளை, கருணை எதுவானாலும் ஒரே அளவாக நறுக்குங்கள்.

2. கழுவியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். கால் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசறினால் போதும்.

3. 180 டிகிரியில் 3 நிமிடம் வெறும் மெஷினைச் சூடாக்குங்கள்.

4. ஒரே அடுக்காக, இடைவெளி விட்டுப் பரப்புங்கள்.

5. பாதி நேரத்தில் கூடையை வெளியே இழுத்துக் குலுக்குங்கள். மீன், கோழித் துண்டுகளைத் திருப்பிப் போடுங்கள்.

180 டிகிரியில் மீன் துண்டுக்கு 10 முதல் 12 நிமிடம், உருளைக்கு 15 முதல் 20, எலும்புள்ள கோழிக்கு 20 முதல் 25 நிமிடம் ஆகலாம். மெஷினுக்கு மெஷின் மாறும். கோழியின் உள்சூடு 74 டிகிரி வரணும். அளக்கும் கருவி இல்லையென்றால் பெரிய துண்டாக ஒன்றை எலும்பு வரை கீறிப் பாருங்கள். சதை இளஞ்சிவப்பாக இருந்தால் இன்னும் 5 நிமிடம் வையுங்கள்.

செய்யக் கூடாதவை

பஜ்ஜி மாதிரி தண்ணி மாவு வேண்டாம். ஓட்டை வழியே ஒழுகிவிடும். மசால் வடை மாதிரி கெட்டி மாவு சரிவரும், மேலே எண்ணெய் தடவணும். அப்பளம், கறிவேப்பிலை காற்றில் பறந்து கம்பியில் ஒட்டும். மேலே கம்பி வலைத் தட்டு வையுங்கள். வெறும் கூடையில் பேப்பரைப் போட்டுச் சூடாக்கவே கூடாது, பறந்து போய்த் தீப்பிடிக்கும்.

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது?

"ஒரே தடவையில் போட்டு முடிச்சிடேன்" என்று சொல்வார்கள். தயங்காமல் சொல்லுங்கள்: "அம்மா, நாலு பேருக்குன்னா ரெண்டு தடவை போடணும். இல்லைன்னா உள்ளே வேகாது." இது சாக்கு இல்லை, மெஷினின் கணக்கு. இரண்டு தடவைக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகும் என்பதை முன்னாடியே பேசி வைத்தால், நேரத்துக்கும் சம்பளத்துக்கும் சண்டை வராது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மெஷின் வாங்குபவர்கள் ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். ஃபேன் மெதுவாகச் சுற்றினாலோ கடகடவென்று சத்தம் போட்டாலோ உணவு சீராக வேகாது. 1400 வாட் மெஷின் 20 நிமிடம் ஓடினால் அதிகபட்சம் அரை யூனிட் கரண்ட் ஆகும். 16 ஆம்பியர் பிளக்கில் மட்டுமே சொருகுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படிக்கத் தெரியாத தோழிகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

- கள ஒருங்கிணைப்பாளர்